அப்பாவை மாமா என்று அழைத்த சனிக்கிழமை

அந்தப் பாடகருக்கு இப்போது முன்தலை வழுக்கை. போன மாதம் இங்கே சிங்கப்பூரில் கச்சேரிக்கு வந்திருந்தார். அதையொட்டி யாரோ ஒரு புண்ணியவான், பழைய நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் உலவ விட்டார். என் கைப்பேசிக்கு மட்டும் நான்கு குழுக்களிலிருந்து வந்து சேர்ந்தது. "அட, இவரு நம்ம ஊரு டிவி தொடர்ல வந்திருக்காரா" என்று எல்லாரும் பாடகரைத்தான் பார்த்தார்கள். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுனும் காகிதக் கிரீடமுமாக, வாய் நிறைய கேக்கோடு திருதிருவென்று விழிக்கும் பெண்ணை யாரும் கவனிக்கவில்லை. அது நான்.

கேக்கை ஊட்டிக்கொண்டிருப்பவர் என் அப்பா. ஆனால் அந்தக் காட்சியில் அவர் எனக்கு அப்பா இல்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கொள்கலன்களைத் தூக்கிக் கப்பலில் வைப்பது அவர் வேலை. வாரம் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாத மனிதர், சனிக்கிழமையானால் ஊருக்கே அப்பா ஆகிவிடுவார். அந்தக் காலத்தில் இங்கே தமிழ்த் தொடர்களில் நடித்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். அப்பாவின் தொலைக்காட்சி மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. வாரநாளில் ஒரு வேலை, வாரக் கடைசியில் நடிப்பு.

தொடரில் வந்தது ஒரு சாதாரண வீவக அடுக்குமாடி வீட்டுக் குடும்பம். அப்பா, அம்மா, ஒரே மகள். வாராவாரம் அப்பா எதையாவது சொதப்புவார், அம்மா திட்டுவார், மகள் நடுவில் புகுந்து காப்பாற்றுவாள், கடைசியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவ்வளவுதான் கதை. இதை ஐந்து வருடத்துக்கு மேல் ஊரே பார்த்தது. எங்கள் புக்கிட் மேரா புளோக்கில் அந்த அரைமணி நேரம் மின்தூக்கிகூட ஓய்வெடுக்கும் என்று அம்மா கேலி செய்வார்.

அப்பாவோடு தேக்கா சந்தைக்குப் போவது எனக்குப் பிடிக்காது. மீன்காரர், பூக்காரர், வெற்றிலைக் கடைக்காரர் எல்லாரும் நிறுத்திப் பேசுவார்கள். "என்ன சார், பொண்ணைக் கூட்டிட்டு வரலையா?" என்று கேட்பார்கள். அப்பா என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். அவரும் சிரித்துக்கொண்டே, "அவளுக்கு டியூஷன் இருக்குங்க" என்பார். அவர்களைப் பொறுத்தவரை பொண்ணு என்றால் தொலைக்காட்சியில் வரும் பொண்ணுதான். நான் யாரோ ஒரு குட்டி. அந்த டியூஷன் பெண்ணை நான் எப்படி வெறுத்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருத்தி என் அப்பாவை வாரம் ஒருமுறை வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள் என்று தோன்றும்.

அந்த வருடம் நான் தொடக்கப்பள்ளி ஆறு. என் அலமாரிக் கதவின் உள்பக்கம் அந்தப் பாடகரின் படம் ஒட்டியிருந்தது. அவர் சினிமாவில் பாடியவர் இல்லை. தானே எழுதி, தானே பாடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடற்கரையில் ஆடுகிற வகை. சிராங்கூன் ரோட்டில் எந்தக் கேசட் கடையைத் தாண்டினாலும் அவர் குரல் கேட்கும். அவர் சிங்கப்பூருக்கு ஒரு நகைக்கடையைத் திறந்துவைக்க வருகிறார் என்றும், வந்த கையோடு அப்பாவின் தொடரில் ஒரு நாள் நடித்துக் கொடுக்கப்போகிறார் என்றும் சேதி வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. கதை இதுதான்: மகளுக்குப் பிறந்தநாள். அப்பா வழக்கம்போலப் பரிசு வாங்க மறந்துவிடுவார். மன்றாடிக் கெஞ்சி அந்தப் பாடகரையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்.

படப்பிடிப்புத் தேதியைக் கேட்டதும் என் முகம் தொங்கிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. முந்தைய இரண்டு பிறந்தநாளும் வாரநாளில் வந்து, அப்பாவின் இரவு வேலையால் அவர் இல்லாமலே போயிருந்தன. மூன்றாவதும் போகப்போகிறது. அதுவும் இன்னொரு பெண்ணின் பொய்ப் பிறந்தநாளுக்காக, அதுவும் என் பாடகரோடு.

அப்பா என்னைச் சமாதானப்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார். விருந்துக் காட்சிக்கு ஐந்தாறு பிள்ளைகள் வேண்டும், தெரிந்தவர்கள் வீட்டிலிருந்து கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் நடிகர்களின் சொந்தப் பிள்ளைகள் மட்டும் கூடாது. முன்பு ஒரு கல்யாணக் காட்சிக்கு ஒரு நடிகர் தன் மாமியார் வீட்டுக் கூட்டத்தையே அழைத்து வந்துவிட்டார். அவர்கள் முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போட்டு, உண்மையான கல்யாண வீட்டையே காட்டிவிட்டார்களாம். அன்றிலிருந்து தயாரிப்பாளர் அம்மாள் சட்டம் போட்டுவிட்டார். மீறினால் அந்த நடிகருக்கு இடமில்லை. இயக்குவதும் அவரேதான், அதனால் மேல்முறையீடும் கிடையாது.

அப்பா என்னைப் பக்கத்து வீட்டுப் பெண் என்று பட்டியலில் எழுதிக் கொடுத்தார்.

"ஊருக்கெல்லாம் அப்பா, சொந்தப் பொண்ணுக்கு மட்டும் மாமாவா? நல்லா இருக்கு உங்க நியாயம்" என்றார் அம்மா.

பேருந்தில் போகும்போது அப்பா எனக்குப் பாடம் நடத்தினார். "அங்க நான் உனக்கு மாமா. தண்ணி வேணும்னாலும் மாமா, பசிச்சாலும் மாமா. மறந்துடாத லா. தெரிஞ்சா என்னைத் தொடர்லேருந்து எடுத்துடுவாங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் வேறு ஒரு ஆசை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எல்லார் முன்னாலும், அந்தப் பாடகர் முன்னாலும், அப்பா என் தோளில் கைவைத்து, "இதுதான் என் பொண்ணு, இன்னைக்கு இவளுக்குத்தான் பர்த்டே" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவருக்கு வேலை போய்விடும் என்று தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன். பன்னிரண்டு வயதில் நியாய அநியாயம் எல்லாம் பார்த்தா ஆசை வரும்?

காலாங் தொழிற்பேட்டையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் அந்த வீடு இருந்தது. வரவேற்பறைக்கு மூன்று சுவர்தான். சன்னலுக்கு வெளியே மரம் தெரிவது படம். நான் ஐந்து வருடமாகப் பார்த்துப் பொறாமைப்பட்ட சோபாவின் பின்பக்கம் கிழிந்து, ஒட்டுநாடா போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தொலைக்காட்சி மகள் என்னைவிட ஒரு வயது பெரியவள். வெறுக்கத் தோதாக எதையும் செய்யவில்லை. எங்கள் எல்லாருக்கும் குடிக்க மைலோ எடுத்து வந்து கொடுத்தாள். என் கவுனின் பின்பக்க முடிச்சு அவிழ்ந்திருந்ததைக் கட்டிவிட்டாள். எனக்கு ஒரே ஒரு வசனம் இருந்தது: "மாமா, அணிச்சல் வெட்டலாமா?" தொலைக்காட்சியில் அப்போது கேக் என்று சொல்லக்கூடாது, அணிச்சல்தான். ஒத்திகையில் நான் அதைப் பிசகாமல் சொன்னேன். அப்பாவும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வெட்டலாமே" என்றார். தண்ணீர் கேட்டபோதும் மாமா என்றேன். கழிவறை எங்கே என்று கேட்டபோதும் மாமா என்றேன். இவ்வளவு நல்ல நடிகை நான் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பாடகர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். நகைக்கடையில் கூட்டம் விடவில்லையாம். சாயங்கால விமானத்துக்குப் போக வேண்டுமாம். ஒத்திகைக்கு நேரமில்லை என்று தயாரிப்பாளர் அம்மாள் முடிவு செய்தார். பாடல் ஏற்கெனவே பதிவு செய்தது. அவர் வாயசைத்துக்கொண்டே உள்ளே வர வேண்டும், அப்பா கேக்கை வெட்டி முதல் துண்டை மகளுக்கு ஊட்ட வேண்டும், பாடகர் காகிதக் கிரீடத்தை மகள் தலையில் வைத்து வாழ்த்த வேண்டும். ஒரே முறை, நிறுத்தாமல்.

"இதுல யாரு பர்த்டே பேபி?" என்று பாடகர் கேட்டார். அவருக்கு ஒப்பனை போட்டவர் எங்கோ கையைக் காட்டினார். அந்தப் பக்கம் நாங்கள் ஏழு பெண்கள் நின்றோம்.

பாட்டு ஓடியது. அவர் ஆடிக்கொண்டே உள்ளே வந்தார். நேரில் கொஞ்சம் குள்ளம். நான் என் வசனத்தைச் சொன்னேன். அப்பா கேக்கை வெட்டினார். தொலைக்காட்சி மகள் அவருடைய வலப்பக்கம், நான் இடப்பக்கம், இரண்டு பிள்ளைகள் தள்ளி. அப்பா துண்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் நேராக இடப்பக்கம் திரும்பி, நடுவிலிருந்த இரண்டு பிள்ளைகளைத் தாண்டிக் குனிந்து, என் வாயில் ஊட்டினார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். பாடகர் அதைப் பார்த்தார். அப்பா யாருக்கு ஊட்டுகிறாரோ அவள்தானே மகள்? கிரீடத்தை என் தலையில் வைத்து, என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்டா கண்ணா" என்றார். உண்மையாகவே பிறந்தநாள் கொண்டாட வேண்டியவளிடம், தவறாக. தொலைக்காட்சி மகள் ஒரு நொடிகூடத் தயங்காமல் சிரித்தபடி கைதட்டினாள்.

படப்பிடிப்பை நிறுத்தச் சொன்னார்கள். பாடகர் ஒலிவாங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு மின்தூக்கியில் போய்விட்டார்.

தயாரிப்பாளர் அம்மாள் அப்பாவிடம் வந்தார். "யாரு இந்தப் பொண்ணு?"

என் வாயில் இன்னும் கேக் இருந்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கா. எங்க புளோக்" என்றார் அப்பா.

"அதுக்கு எதுக்கு ஊட்டினீங்க?"

"கை தவறிடுச்சுக்கா."

திரும்பி வரும் பேருந்தில் நான் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா என் பேர் எழுதிய கேக் வாங்கி வைத்திருந்தார். அப்பா கத்தியை எடுத்து என்னைக் கூப்பிட்டார். "மாமாவே வெட்டட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அலமாரிக் கதவில் பாடகர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். என் கன்னத்தைப் பிடித்தவர் இவர்தான் என்ற சந்தோஷம்கூட வரவில்லை.

மறுபடி எடுக்க முடியாததால் அந்தக் காட்சி அப்படியே ஒளிபரப்பானது. அவ்வளவுதான், ஊர் கொதித்துவிட்டது. சொந்தப் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது எவளுக்கோ ஊட்டலாமா, தகப்பன் செய்கிற காரியமா இது என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் திட்டினார்களாம். தேக்காவில் பூக்கார அம்மாள் அப்பாவிடம் நேராகவே கேட்டார்.

"ஏன் சார், அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா? பாவம், எப்படிச் சிரிச்சு சமாளிச்சுச்சு. நீங்க அப்படிப் பண்ணலாமா?"

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்கல்லம்மா" என்றார் அப்பா. அந்த அம்மாள் சமாதானமாகவில்லை. ஊரான் பிள்ளையாகிய நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பாகங்களில் அப்பா வரவில்லை. குடும்பத் தலைவருக்குத் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக ஒரு வசனம் வந்தது. கடிதம் வரும், தொலைபேசி மணி அடிக்கும், தொலைக்காட்சி அம்மா பேசுவார், மறுமுனையில் குரல் கேட்காது. அடுத்த பருவத்தில் அவரைப் பற்றிய பேச்சே இல்லை.

குட்டு வெளிப்பட்டுவிட்டது, நான் வந்ததால் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் சனிக்கிழமை அப்பா வீட்டில். பீடோக்கு, சாங்கி என்று எங்கெல்லாமோ கூட்டிப் போனார். பிறகு ஒரு நாள் அவர் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். யாரோ ஒரு சித்தப்பா பாத்திரம் வந்து சொதப்பிக்கொண்டிருந்தது. அப்பா சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சரியாகச் சிரித்தார். அதற்குப் பிறகு என் சந்தோஷம் போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததையே கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு அவர் எதிலும் நடிக்கவில்லை. முப்பது வருடத்துக்குப் பக்கத்தில் அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்தேன். கல்யாணமாகிச் செங்காங் வந்த பிறகும் அது கூடவே வந்தது.

போன வாரம் தேக்காவில் மீன் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தர் என்னையே பார்த்தார். "நீங்க அந்த மஞ்சள் கவுன் தானே?" என்றார். வாட்ஸ்அப் காணொளி அவருக்கும் வந்திருக்கிறது. அந்த டியூஷன் பெண், தொலைக்காட்சி மகள். இப்போது பல் மருத்துவர். கண்ணாடி போட்டிருந்தார். நான் ஐந்து வருடம் வெறுத்தவளைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, கட்டிக்கொண்டேன். இரண்டு பேர் கையிலும் மீன் பை.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"யாரோட அப்பா?" என்றேன், விளையாட்டாக.

"உங்க அப்பாதான். எனக்கு அன்னைக்கே தெரியும். மூக்கு ஒரே மூக்கு. அதோட நீங்க மாமான்னு கூப்பிடறப்பல்லாம் அவர் முகம் சுருங்கிடும். யாரும் பாக்கல, நான் பாத்தேன்."

என்னால்தான் அப்பாவை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும் அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எடுக்கல. அவரேதான் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

காப்பிக் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னார். நேயர்கள் திட்டியதால், அடுத்த பாகத்தில் ஒரு விளக்கம் வைக்கலாம் என்று தயாரிப்பாளர் அம்மாள் முடிவு செய்தாராம். மனைவி கேட்பார், நம் மகளை விட்டுவிட்டு ஏன் அவளுக்கு ஊட்டினீர்கள் என்று. அப்பா சொல்ல வேண்டிய பதில்: "அவள் தந்தையை இழந்த பெண். அதனால்தான் முதல் துண்டை அவளுக்குக் கொடுத்தேன்." கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், தொலைபேசியும் ஓய்ந்துவிடும். நல்ல யோசனைதான். அந்தப் பெண் யார் என்று தெரியாமல் எழுதிய நல்ல யோசனை.

"உங்க அப்பா மாத்தச் சொல்லிக் கேட்டாரு. ஏழைப் பொண்ணுன்னு சொல்றேன்கா, அப்பா இல்லாத பொண்ணுன்னு மட்டும் வேணாம், வேற எது வேணா சொல்றேன்னு. ஸ்கிரிப்ட் நிலையத்துல ஒப்புதல் வாங்கியாச்சு, ஒரு வார்த்தை மாத்த முடியாதுன்னாங்க. அப்பல்லாம் அப்படித்தான். மூணு தடவ கேட்டாரு. காரணம் கேட்டாங்க, சொல்லல. பேர் வந்ததும் தலைக்கனம் வந்துடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. காட்சிச் சட்டையைக் கழட்டி மடிச்சுக் குடுத்துட்டு பனியனோட நின்னாரு. தன் சட்டை மேக்கப் ரூம்ல இருக்குன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே, நான் அவர் பொண்ணுன்னு."

"சொன்னா ரூல் மீறினதுக்குத் தூக்கிடுவாங்கன்னு பயந்தேன். எனக்கு பதிமூணு வயசு லா."

செங்காங்குக்குப் போக வேண்டியவள் மீனோடு புக்கிட் மேராவுக்குப் போனேன். அப்பா தனியாகத்தான் இருந்தார், அம்மா கோவிலுக்குப் போயிருந்தார். மீனை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தார். அவருக்கு எழுபத்தைந்து வயது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன், யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும். இத்தனை வருடம் என்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சீக்கிரம் அழுகை வராது, கோபம்தான் வரும். கோபமும் வந்தது.

"ஒரு வரிதானேப்பா. நடிப்புத்தானே. சொல்லிட்டுப் போயிருக்கலாம். எவ்வளவு ஆசையா இருந்தீங்க அதுல."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லத்தான் நினைச்சேன். ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் வேலைக்கு எடுத்துட்டுப் போனேன். கிரேன் மேல உக்காந்துகிட்டு, கதவைச் சாத்திட்டு, சொல்லிப் பாத்தேன். சுத்தி ஒரு ஆளு கிடையாது, கடல்தான். அங்கயே வாயில வரலம்மா. ஊரே பாக்கறப்ப எப்படி வரும்?"